கிளம்பும்போது எவ்வளவு

புலவாயோவில் மின்சாரம்
விடிகாலை நான்குக்குப் போகும்.
இரவு பத்துக்கு வந்தால் வந்தது.
வராவிட்டால் அதற்கும் ஓர் அட்டவணை வரும்,
மறுநாள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து குரல் அனுப்பினாய்:
"ஐயாயிரம் வாட் இன்வெர்ட்டர் வாங்கு, நோமகுகு,
வீடே எரியட்டும்!"
விளக்கு எரிவதா வீடு எரிவதா என்று
நான் கேட்கவில்லை.
பணம் உன்னுடையது,
கணக்கு என்னுடையது.

சிறியவளின் நோட்டில் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எழுதினேன்.
பல்பு ஐந்து, ஒவ்வொன்றும் ஒன்பது, ஆக நாற்பத்தைந்து.
வைஃபை பெட்டி பன்னிரண்டு.
டிவி எண்பது.
அயர்ன் பாக்ஸ் ஆயிரத்து இருநூறு,
அடித்தேன்.
கெட்டில் இரண்டாயிரம்,
பேனா கிழிக்கும்படி அடித்தேன்.
சூடாக்குகிற எதுவும் பேட்டரிக்குப் பகை.
தேநீருக்கு கேஸ் இருக்கிறது.
கசங்கிய சட்டையோடு போனால்
தேவாலயத்தில் யாரும் கதவைச் சாத்தப் போவதில்லை.

கடைசியில் ஃப்ரீசர்.
முதுகில் ஒட்டியிருந்தது: நூற்றைம்பது.
வயிற்றில் நாற்பது கோழி,
பாதிப் பணம் இன்னும் பாக்கி;
பள்ளிக்கூட வாசலில் விற்க
சிவப்பும் பச்சையுமாய் ஐஸ் பாக்கெட் இருநூறு.
இந்த வீட்டில் சம்பாதிக்கிற இன்னொரு ஆள்
அதுதான்.

லோபெங்குலா தெருவில் குவின்யாயின் கடை.
மூவாயிரம் என்று தங்க எழுத்தில் மினுக்கும் ஒன்றை
முதலில் நீட்டினான். விலை சல்லிசு.
வாங்கிக் கையில் நிறுத்தினேன்,
ஒரு ரொட்டியின் கனம்.
"ஒரு ஃபேனை மாட்டிக் காட்டு."
மாட்டினான். ஃபேன் சுற்றியது,
டப்பாவுக்குள் அடைபட்ட வண்டு போல
உறுமிக்கொண்டே.
நான் அவனைப் பார்த்தேன்.
அவன் ஃபேனைப் பார்த்தான்.
"இதன் அலை படிக்கட்டு மாதிரி, சிஸ்டர்.
பல்பு ஏறிவிடும்.
மோட்டாருக்கு முழங்கால் தேய்ந்துவிடும்."

பிறகுதான் கீழ்த்தட்டிலிருந்து
மூச்சு வாங்கத் தூக்கி வைத்தான் மற்றொன்றை.
சுத்த சைன் அலை. ஆயிரத்து ஐந்நூறு. விலை இரட்டிப்பு.
"என் ஃப்ரீசர் நூற்றைம்பதுதானே,
முந்நூறு வாட் போதாதா?
விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் எனக்கு."

அவன் வாதாடவில்லை.
கடை ஃப்ரிட்ஜின் ஒயரில் மீட்டரைக் கவ்வவிட்டு
பிளக்கைச் செருகினான்.
எண் துள்ளி ஆயிரத்தைத் தொட்டது,
நான் இமைப்பதற்குள்
நூற்று நாற்பதுக்கு இறங்கி
ஒன்றுமே நடக்காதது போல் நின்றது.
"ஓடுவதற்கு எழுதி ஒட்டுவார்கள்.
கிளம்புவதற்கு எவ்வளவு என்று
யாரும் ஒட்டுவதில்லை."

ரென்கினி பேருந்து நிலையத்தில்
நீ ஏறிப் போன நாள் நினைவுக்கு வந்தது.
அந்த முதல் மாதம்
எதை எடுத்து எரித்தேன் என்று எனக்கே தெரியாது.
பிறகு ஓடிவிட்டது.
"எப்படி ஓடுகிறது?" என்று நீ கேட்பாய்.
ஓடுகிறது என்பேன்.
பொய் இல்லை.
ஓடுவதற்கு அதிகம் தேவையில்லை.

கனமானதையே வாங்கினேன்.
இருநூறு ஆம்ப் பேட்டரி ஒன்று,
அதில் பாதிக்கு மேல் குடிக்கக் கூடாதாம்.
கட்டைவிரல் தடிமனில் ஒயர், நீளம் குறைவாக.
மெலிந்த ஒயரானால்
கோழிக்குப் போகவேண்டியது வழியிலேயே சூடாகிவிடும்.
மிச்சம் பதினோரு டாலர்.
சிறியவளுக்குப் புது நோட்டு.

விடிகாலை நான்கு. தெரு முழுக்க அணைந்தது.
டிவியையும் வைஃபையையும் பிடுங்கிவிட்டு
ஃப்ரீசரை மட்டும் போட்டேன்.
சமையலறை பல்பு ஒருமுறை தலை குனிந்து
நிமிர்ந்தது.
அவ்வளவுதான்.
அடுத்த வீட்டு ஜெனரேட்டர்
இன்னும் இருமிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் உன் செய்தியைப் பார்த்தேன்.
நேற்றிரவே வந்திருக்கிறது.
டிசம்பரில் வருகிறாய்,
இம்முறை திரும்பிப் போவதாக இல்லை.

தோக்கோசிசி,
ஐயாயிரம் வாங்கவில்லை.
வாங்கியது தாங்கும்,
முதல் வேகத்தையும் சேர்த்து.
ஆனால் நீ வரும் வாரம்
உன் தம்பிகளைக் கூப்பிடாதே,
டிவி போடாதே,
ஆட்டை அறுக்கிறேன் என்று கிளம்பாதே.
மற்ற எல்லாவற்றையும்
கொஞ்சம் அணைத்து வைப்போம்.